லினக்ஸில் ஓடும் வைஃபை அட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் நிறுவியாகிவிட்டது, திரை தெளிவாக இருக்கிறது, ஒலி கேட்கிறது, வைஃபை மட்டும் கண்ணில் படவில்லை. இப்படி வந்து நிற்பவர்களுக்கும், அந்த நிலை வராமல் முன்கூட்டியே பார்த்து வாங்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடையில் உள்ள கோடுகளை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

லினக்ஸுக்கு எந்த நிறுவனத்தின் வைஃபை அடாப்டர் நல்லது?

கேள்வியையே கொஞ்சம் மாற்ற வேண்டும். பெட்டியின் மேல் அச்சாகியிருப்பது பெரும்பாலும் உறை செய்து, ஆன்டெனா பொருத்தி, விற்பவரின் பெயர். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்தவர் வேறொருவர். லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்கு உறையின் பெயர் தெரியாது. அது பேசுவது சிப்போடு மட்டும். இன்டெல், குவால்காம் ஏத்தெரோஸ், மீடியாடெக், ரியல்டெக், பிராட்காம் என்ற ஐந்து பெயர்களுக்குள் நீங்கள் சந்திக்கப்போகும் அட்டைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே கேட்க வேண்டியது "எந்தக் கம்பெனி?" என்பதல்ல, "உள்ளே என்ன சிப்?" என்பது.

நண்பரிடம் அதே மாடல் நன்றாக ஓடுகிறது. என்னிடம் ஓடவில்லை. ஏன்?

இரண்டும் ஒரே மாடலாக இருக்கலாம், ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை. மாடல் எண்ணை மாற்றாமலே உள்ளே சிப்பை மாற்றுவது இந்தத் தொழிலில் வாடிக்கை. ஊரறிந்த உதாரணம் டிபி-லிங்கின் டிஎல்-டபிள்யுஎன்722என். அதன் முதல் பதிப்பில் ஏத்தெரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. லினக்ஸ்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே வந்தது ரியல்டெக் 8188 வகைச் சிப். உறை அதே, ஆன்டெனா அதே, சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் முற்றிலும் வேறு. பழைய பாராட்டுகளைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, வேறொரு அடாப்டரில். ஒன்று வாங்கினேன், செருகியதும் ஓடியது. மகிழ்ந்துபோய் இன்னொன்றும் வாங்கினேன். செருகினால் விளக்குகூட எரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பின்புற ஒட்டுத்தாளில் கடுகளவு எழுத்தில் இருந்த பதிப்பு எண் கண்ணில் பட்டது. அன்றிலிருந்து முதலில் படிப்பது அந்த ஒட்டுத்தாளைத்தான்.

என் கணினியில் இருக்கும் சிப் எது என்று எப்படிப் பார்ப்பது?

மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் அட்டை என்றால் எல்-எஸ்-பி-சி-ஐ என்ற கட்டளை. அதன் பின்னால் ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதையொட்டி என்-என்-கே என்ற மூன்று எழுத்துகள். வெளியே செருகும் அடாப்டர் என்றால் எல்-எஸ்-யு-எஸ்-பி. வருகிற பட்டியலில் பெயரைவிட முக்கியமானது அடைப்புக்குள் (எல்-எஸ்-யு-எஸ்-பியில் ஐடி என்ற சொல்லை அடுத்து) இருக்கும் எண் சோடி. எடுத்துக்காட்டாக 8086:2723. முன்பாதி 8086 என்றால் இன்டெல். பின்பாதி 2723 என்றால் ஏஎக்ஸ்200 அட்டை. இந்த எண் சோடிதான் சிப்பின் கைரேகை. இணையத்தில் தேடும்போதும் உதவி கேட்கும்போதும் இதைக் கொடுங்கள். "என் வைஃபை வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

முதல் கட்டளையின் விடையில் எந்தக் கெர்னல் டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரி ஒன்று உண்டு. அந்த வரி இருந்தால் டிரைவர் அட்டையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சிக்கலை வேறு இடத்தில் தேட வேண்டும். வரியே இல்லையென்றால் அந்தச் சிப்புக்கு உங்கள் கெர்னலில் டிரைவர் இல்லை, அல்லது இருந்தும் ஏற்றப்படவில்லை.

இன்னும் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன்பே சிப்பைத் தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும், கொஞ்சம் துப்பறிய வேண்டும். மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து, "சிப்செட்" என்ற சொல்லோடு தேடுவது முதல் படி. இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் விற்க அனுமதி வாங்கிய ரேடியோ அலையில் இயங்கும் ஒவ்வொரு கருவிக்கும் எஃப்சிசி என்ற அரசு ஆணையம் ஓர் அடையாள எண் தருகிறது. அது கருவியின் மேலேயே அச்சாகியிருக்கும். அந்த எண்ணை ஆணையத்தின் தளத்தில் தேடினால், கருவியைப் பிரித்து எடுத்த படங்கள் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். சிப்பின் மேல் உள்ள எழுத்தைச் சில படங்களில் நேராகப் படித்துவிடலாம்.

மூன்றாவது வழி மடிக்கணினி வாங்குவோருக்கு: நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் யூஎஸ்பி ஒன்றைக் கையில் கொண்டுபோய், விற்பவர் சம்மதித்தால் அதிலிருந்து ஏற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

பெட்டியில் "லினக்ஸில் இயங்கும்" என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்த வரிக்குப் பின்னால் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, செருகினால் ஓடும். மற்றொன்று, என்றோ ஒரு பழைய கெர்னலுக்காக எழுதிய மூலநிரலைச் சுருக்கி ஒரு தளத்தில் வைத்திருக்கிறோம், எடுத்துத் தொகுத்துக்கொள்ளுங்கள் (கம்பைல் செய்துகொள்ளுங்கள்). இரண்டாவதை வாங்கியவருக்குப் பொழுது போவது உறுதி, வைஃபை உறுதியில்லை.

டிரைவர் இருக்கிறது என்று காட்டுகிறது, ஆனாலும் வைஃபை இல்லை. என்ன கோளாறு?

பெரும்பாலும் ஃபர்ம்வேர். டிரைவர் என்பது உங்கள் கணினியின் செயலியில் ஓடும் நிரல். ஃபர்ம்வேர் என்பது வைஃபை சிப்புக்குள் ஓடும் நிரல். இன்றைய சிப்புகள் பெரும்பாலும் வெற்று நினைவகத்தோடு கண்விழிக்கின்றன; ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் டிரைவர்தான் ஃபர்ம்வேர் கோப்பை எடுத்துச் சிப்புக்குள் ஊட்ட வேண்டும். கோப்பு வட்டில் இல்லையென்றால் சிப் மரம் மாதிரி இருக்கும்.

டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டி, வரும் செய்திகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். ஏற்ற முடியவில்லை என்ற செய்தியோடு கழித்தல் 2 என்ற பிழை எண் தெரிந்தால், "கோப்பே இல்லை" என்று பொருள். எந்தக் கோப்பு என்றும் அதே வரி சொல்லிவிடும். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பை நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் இது தனித்தனித் தொகுப்புகளாகப் பிரிந்திருக்கும்.

இந்தக் கோப்புகள் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருள் அல்ல, மூலநிரல் வெளியிடப்படாதவை. அதனால் டெபியன் நீண்ட காலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. வைஃபை ஓட ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும் என்ற சுழலில் புதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்திக் கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து நிறுவல் வட்டிலேயே ஃபர்ம்வேர் வருகிறது. பழைய வழிகாட்டிகளில் "தனி வட்டைத் தேடி இறக்குங்கள்" என்று எழுதியிருந்தால் அதைக் கடந்துவிடலாம்.

கெர்னல் பதிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. ஒரு சிப்பின் டிரைவர் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்பில்தான் முதன்முதலாக நுழைகிறது. இன்டெல் ஏஎக்ஸ்200க்கு 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, எம்டி7925க்கு 6.7. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்டி7925 உள்ள புது மடிக்கணினியில், கெர்னல் 6.1ஓடு வரும் டெபியன் 12ஐ நிறுவினால் வைஃபை வராது. சிப்பின் மேலும் குற்றமில்லை, டெபியனின் மேலும் குற்றமில்லை. ஒன்று மற்றொன்றுக்கு முன் பிறந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய பதிப்புக்காகப் புதிய மென்பொருளைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை எடுத்துக்கொள்ளலாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் புதிய வன்பொருளுக்கென்றே தனிக் கெர்னல் வரிசை உண்டு. ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

கணினி புதிது என்றால் இயங்குதளமும் புதிதாக இருக்கட்டும். பழைய, நிலையான பதிப்பில்தான் இருப்பேன் என்றால் இரண்டு மூன்று ஆண்டு பழைய சிப்பை வாங்குங்கள்.

சரி, கடைசியில் எந்தச் சிப்பைத்தான் வாங்குவது?

என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

மடிக்கணினிக்குள் போடும் அட்டை என்றால் இன்டெல். அதன் டிரைவரை இன்டெல் பொறியாளர்களே எழுதிக் கெர்னலில் சேர்க்கிறார்கள். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் அலுப்பூட்டும் அளவுக்கு ஒழுங்கானவை. வைஃபை அட்டைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. ஏஎக்ஸ்210இல் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் உண்டு. இன்டெலின் ஒரு பெரிய குறையை ஹாட்ஸ்பாட் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

யூஎஸ்பி அடாப்டர் என்றால் மீடியாடெக். இன்டெல் யூஎஸ்பி அடாப்டர் களத்தில் இல்லை. எம்டி7612யு, எம்டி7610யு இரண்டுக்கும் 4.19 முதல் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. வைஃபை 5 போதும் என்பவர்களுக்கு இவை. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயு, கெர்னல் 5.18 அல்லது அதற்குப் பின். சிப்பின் பெயரை முன்னால் எழுதி விற்பவர்கள் குறைவு என்பதால் இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் மெனக்கெட வேண்டும்.

ரியல்டெக்கைப் பற்றிக் கேட்டால் சிலர் கொதிப்பார்கள். கொதிப்பில் நியாயம் உண்டு, ஆனால் அது பழங்கணக்கு. மடிக்கணினிகளில் வரும் ரியல்டெக் அட்டைகளுக்காக ஆர்டிடபிள்யு88 என்ற டிரைவர் 5.2லும், வைஃபை 6 அட்டைகளுக்காக ஆர்டிடபிள்யு89 என்ற டிரைவர் 5.16லும் கெர்னலுக்குள் வந்தன, நிலைமை தேறியிருக்கிறது. மடிக்கணினியோடு வந்துவிட்டது என்றால் பதறிக் கழற்ற வேண்டாம், ஓட்டிப் பாருங்கள். புதிதாக யூஎஸ்பி அடாப்டர் வாங்குகிறீர்கள் என்றால் மட்டும், அந்தச் சிப்புக்கு உங்கள் கெர்னலிலேயே டிரைவர் உண்டா என்று உறுதிசெய்யாமல் தொடாதீர்கள்.

குவால்காம் ஏத்தெரோஸின் பழைய அட்டைகள் தங்கம். அதைத் தனிக் கேள்வியாக வைத்திருக்கிறேன்.

பிராட்காம் கிடைத்தால் ஓட்டுங்கள், தேடிப்போய் வாங்காதீர்கள். பழைய சிப்புகள் பலவற்றுக்கு அந்நிறுவனம் தந்தது மூலநிரல் பாதி மூடிய ஒரு டிரைவர். அதுவும் 2015க்குப் பின் நகரவில்லை. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் விநியோகங்களின் பராமரிப்பாளர்கள்தான் அதற்கு ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சில பழைய சிப்புகளுக்கு, தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையை உளவறிந்து எழுதிய பி43 என்ற திறமூல டிரைவர் உண்டு. அந்த உழைப்புக்குத் தலைவணங்கலாம். அதை நம்பிப் புதிதாக அட்டை வாங்க வேண்டியதில்லை.

கிட்ஹப்பில் டிரைவர் கிடைக்கிறதே, தொகுத்துப் போட்டுக்கொண்டால் என்ன?

வேறு வழி இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும். சிக்கல் கெர்னல் புதுப்பிப்பு வரும் நாளில். கெர்னலின் உள்ளமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். உள்ளே இருக்கும் டிரைவர்களை, மாற்றம் செய்கிறவர்களே கூடவே திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பதை யார் திருத்துவது? யாரோ ஒரு தன்னார்வலர், தன் ஓய்வு நேரத்தில். அவர் களைத்துப்போனால் உங்கள் வைஃபையும் களைத்துவிடும்.

அப்படிப் போட்டே ஆக வேண்டுமென்றால் டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் அது டிரைவரைத் தானாகத் தொகுத்துவிடும். தொகுப்பு தோற்கும் நாளுக்காகப் பழைய கெர்னல் ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொரு கண்ணி செக்யூர் பூட். அது இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்றாது. எல்லாம் சரியாகத் தொகுந்தது, பிழை எதுவும் இல்லை, ஆனாலும் அட்டை தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலர் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். உபுண்டு போன்றவை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் கேட்கும். கணினி மறுபடி தொடங்கும்போது நீலத்திரை ஒன்றில் அதைக் கொடுத்துச் சாவியைப் பதிவுசெய்ய வேண்டும். அந்தத் திரை சில நொடிகளே நிற்கும். தேநீர் எடுக்கப் போய்விடாதீர்கள்.

இணையமே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக உடனே ஏற்றுக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். கைபேசி வைஃபையில் இருந்தாலும் இது வேலை செய்யும். அதாவது கைபேசியே தற்காலிக வைஃபை அடாப்டராகிவிடுகிறது.

செருகினால் அடாப்டருக்குப் பதில் சிடி டிரைவ் தெரிகிறது. கனவா?

கனவில்லை. சில அடாப்டர்கள் விண்டோஸ் டிரைவரைத் தமக்குள்ளேயே சுமந்து, முதலில் வட்டாக வேடம் போடும். வேடத்தைக் கலைக்க யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பை நிறுவுங்கள். தெரிந்த வட்டை வெளியேற்றினாலே சில அடாப்டர்கள் தம் உண்மையான உருவத்துக்கு வந்துவிடும்.

மடிக்கணினியின் உள்ளே இருக்கும் அட்டையை மாற்றலாமா?

பல மடிக்கணினிகளில் மாற்றலாம். ஒரே ஒரு திருகு, இரண்டு ஆன்டெனா கம்பிகள். ஆனால் வாங்கும் முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். அட்டை பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அத்தோடு கதை முடிந்தது. அடுத்தது, சில நிறுவனங்கள் பயாஸில் ஒரு அனுமதிப் பட்டியல் வைத்து, அதில் இல்லாத அட்டை இருந்தால் கணினியைத் தொடங்கவே விடுவதில்லை. பழைய மாடல்களில் இது அதிகம். பழைய மினி பிசிஐ அட்டையின் ஆன்டெனா முனையும் இப்போதைய எம்.2 அட்டையின் முனையும் அளவில் வேறு, ஒன்று மற்றொன்றில் பொருந்தாது.

நான்காவதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஏஎக்ஸ்200ம் ஏஎக்ஸ்201ம் பார்வைக்கு இரட்டையர். ஏஎக்ஸ்200 தனித்து இயங்கும் முழு அட்டை. ஏஎக்ஸ்201 அரை அட்டை. அதன் மீதி மூளை சில இன்டெல் சிப்செட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு சிஎன்விஐ என்று பெயர். ஏஎம்டி கணினியில் ஏஎக்ஸ்201ஐப் போட்டால் எந்த டிரைவராலும் எழுப்ப முடியாது. ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 சோடியும் இப்படியே. 0இல் முடிவதை வாங்குங்கள், 1இல் முடிவதைத் தவிருங்கள்.

அட்டை தெரிகிறது, ஆனால் எந்த நெட்வொர்க்கும் தெரியவில்லை.

முதலில் ஆர்-எஃப்-கே-ஐ-எல்-எல் கட்டளையை ஓட்டுங்கள். வைஃபை, மென்பொருளால் தடுக்கப்பட்டிருக்கிறதா, வன்பொருளால் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். வன்பொருள் தடை என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரு சிறு சுவிட்சோ, விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையோ காரணமாக இருக்கும். இதைப் பார்க்காமல் இயங்குதளத்தையே மறுபடி நிறுவியவர்கள் உண்டு.

மற்ற நெட்வொர்க்குகள் எல்லாம் தெரிந்து, உங்களுடையது மட்டும் தெரியவில்லையென்றால் சேனலைப் பாருங்கள். எந்தச் சேனலைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்; லினக்ஸ் அந்த விதிகளைத் தன்னிடம் வைத்திருக்கிறது. ரவுட்டர் 13ஆம் சேனலில் இருந்து, அட்டை அமெரிக்க விதியில் இருந்தால், அந்தச் சேனலை அது எட்டிக்கூடப் பார்க்காது. நாட்டுக் குறியீட்டைச் சரிசெய்யுங்கள், அல்லது ரவுட்டரை 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

இணைப்பு அடிக்கடி அறுகிறது, அல்லது மெதுவாக இருக்கிறது.

மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் வைஃபை மின்சேமிப்பின் மதிப்பை 2 என்று வைத்தால் அது அணைந்துவிடும். யூஎஸ்பி அடாப்டர் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: யூஎஸ்பி 3 துறையும் அதில் செருகிய வட்டுகளும் கக்கும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் விழுகிறது. அடாப்டரை ஒரு நீட்டிப்புக் கம்பியில் மாட்டித் தள்ளி வைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

ஹாட்ஸ்பாட்டாகப் பயன்படுத்த வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

ஐ-டபிள்யு என்ற கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எல்-ஐ-எஸ்-டி என்று சேர்த்து ஓட்டினால், சிப் எந்தெந்த முறைகளில் இயங்கும் என்ற பட்டியல் வரும். ஏ-பி என்ற முறை அதில் இருக்க வேண்டும். இன்டெல் அட்டைகளிலும் அது இருக்கும். ஆனால் நாட்டு விதியை அவற்றின் ஃபர்ம்வேரே சுற்றுப்புற சிக்னல்களைப் பார்த்து முடிவுசெய்வதால், 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்க விடுவதில்லை. 2.4இல் ஓடும். மேலே சொன்ன குறை இதுதான். சிறு கணினியை ரவுட்டராக மாற்றும் எண்ணம் இருந்தால் மீடியாடெக் அல்லது ஏத்தெரோஸ் பக்கம் போங்கள்.

ஃபர்ம்வேர் உட்பட எல்லாமே கட்டற்றதாக இருக்க வேண்டும். முடியுமா?

முடியும், வைஃபை 4 வேகத்தோடு திருப்தியடைந்தால். 2008இல் ஏத்தெரோஸ் நிறுவனமே வெளியிட்ட ஏடிஹெச்9கே டிரைவர், ஃபர்ம்வேர் கோப்பே கேட்காத அட்டைகளை ஓட்டுகிறது. யூஎஸ்பியில் என்றால் ஏஆர்9271. அதற்கு ஃபர்ம்வேர் தேவை, ஆனால் அந்த ஃபர்ம்வேரின் மூலநிரல் வெளியாகியிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் சுதந்திர முத்திரையை இந்தச் சிப் உள்ள அடாப்டர்களுக்கு வழங்கியிருப்பது அதனால்தான்.

வைஃபை ஓடுகிறது, புளூடூத் ஓடவில்லை. ஒரே அட்டைதானே?

அட்டை ஒன்று, வழிகள் இரண்டு. எம்.2 அட்டைகளில் வைஃபை பிசிஐ வழியாகவும் புளூடூத் யூஎஸ்பி வழியாகவும் பேசுகின்றன. டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் கோப்பும் வேறு. மேசைக்கணினியில் தனி அட்டையாகப் போட்டிருந்தால், அதிலிருந்து வரும் சிறு யூஎஸ்பி கம்பியைத் தாய்ப்பலகையில் செருக மறந்திருப்பீர்கள்.

லினக்ஸைப் போன்ற வேறு இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி பயன்படுத்துவோருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சிப்பைக் கண்டறியும் முறை பொருந்தும், பட்டியல் பொருந்தாது. இரண்டிலும் இன்டெல் அட்டைதான் பாதுகாப்பான தேர்வு. ஓபன்பிஎஸ்டியில் ஃபர்ம்வேரை இறக்கித் தரவென்றே தனிக் கட்டளை இருக்கிறது. புளூடூத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அதை 2014இலேயே நீக்கிவிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி 13.1 முதல் லினக்ஸின் இன்டெல் டிரைவரையே ஓர் ஒட்டு அடுக்கின் வழியாக ஓட்டுகிறது. அதுவும் போதாதவர்களுக்கு வைஃபைபாக்ஸ் என்றொன்று உண்டு: ஒரு குட்டி லினக்ஸை மெய்நிகர் கணினியாக உள்ளே ஓடவிட்டு, வைஃபை அட்டையை அதன் கையில் கொடுத்து, இணைப்பை மட்டும் ஃப்ரீபிஎஸ்டி வாங்கிக்கொள்ளும்.